பூச்சில் அல்ல, கல்லில் பிடிக்கட்டும்: வீட்டு அலுமாரியைச் சுவரோடு இறுக்குதல்

கடந்த மாரிகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளிநொச்சி மாவட்டத்து மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில் திருப்பலியை முடித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு சிறுவன் ஓடிவந்து என் அங்கியைப் பிடித்து இழுத்தான். "பாதர், தம்பிக்கு மேல அலுமாரி விழுந்திட்டுது" என்றான்.

நாம் அந்த வீட்டை அடைந்தபோது அயலவர்கள் பிள்ளையை வெளியே எடுத்துவிட்டிருந்தார்கள். நான்கு வயதுப் பிள்ளை. அலுமாரியின் மேல் வைத்திருந்த பிஸ்கற் ரின்னை எடுப்பதற்காக, கீழே இருந்த மூன்று லாச்சிகளையும் இழுத்துத் திறந்து, அவற்றைப் படிகளாக்கி ஏறியிருக்கிறான். ஆறடி உயர மரஅலுமாரி அப்படியே முன்னுக்குச் சரிந்தது. அருகில் கிடந்த கட்டிலின் சட்டம் அதைத் தாங்கிக்கொண்டது. கட்டிலுக்கும் நிலத்துக்கும் இடையில் அகப்பட்ட பிள்ளை, ஒரு கை முறிவோடு தப்பினான். கட்டில் இரண்டடி தள்ளிக் கிடந்திருந்தால், மறுநாள் நான் அந்த வீட்டுக்கு வேறொரு கடமைக்காகவே போகவேண்டியிருந்திருக்கும்.

பிள்ளையை வைத்தியசாலைக்கு அனுப்பிய பின்னர் அந்த அறையை நின்று பார்த்தேன். அலுமாரியின் உச்சியில் ஒரு நைலோன் கயிறு கட்டப்பட்டிருந்தது. கயிற்றின் மறுநுனியில் ஒரு கொங்கிறீற் ஆணி. அந்த ஆணியோடு உள்ளங்கை அளவு சீமெந்துப் பூச்சும் பெயர்ந்து வந்திருந்தது. சுவரில் பூச்சு விழுந்த இடத்தில் சீமெந்துக் கல்லின் சாம்பல் முகம் தெரிந்தது. அந்தக் கல்லில் ஆணி இறங்கியிருந்த அடையாளம் கால் அங்குலம்கூட இல்லை.

ஆகவே அந்தக் குடும்பம் கவலையீனமாக இருக்கவில்லை. அலுமாரி விழக்கூடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அதைக் கட்டியும் வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் கட்டியது சுவரில் அல்ல, சுவரின் மேலிருந்த பூச்சில். அலுமாரியின் கீழே வேறொன்றும் இருந்தது. வெள்ளத்துக்கும் கறையானுக்கும் பயந்து நான்கு கால்களுக்கும் கீழே செங்கல் வைத்திருந்தார்கள். முன்காலுக்குக் கீழிருந்த கல் இரண்டாகப் பிளந்திருந்தது.

வீட்டு அம்மம்மாவிடம் கதைத்தேன். "ஓடாவியாரைக் கூப்பிட்டு வடிவா இறுக்கியிருக்கலாம் சுவாமி. ஆனா நாங்கள் எத்தினை தரம் எழும்பினனாங்கள்? நாளைக்கும் எழும்பச் சொன்னா இதைக் கழட்டிக்கொண்டு நிக்கேலுமே? அதுதான் சும்மா கட்டிவிட்டனாங்கள்" என்றார்.

அவரது பதிலே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இறுக்காமல் விடுவதற்கு நாம் சொல்லும் காரணங்கள்

எமது மக்களின் இந்த மனநிலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் வெளியேறினார்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதுமே தென்மராட்சியை நோக்கி நகர்ந்தது. 2008 இலும் 2009 இலும் வன்னி மக்கள் மாதக்கணக்கில் இடம்விட்டு இடம் நகர்ந்தார்கள். ஒவ்வொரு முறையும் வீட்டில் விட்டுச்செல்லப்பட்டவற்றுள் அலுமாரியும் ஒன்று. அப்படி வாழ்ந்தவர்கள் ஒரு புதிய சுவரில் துளைபோடத் தயங்குவது இயல்பே.

ஆனால் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். அந்த நாட்களில் யாராவது அலுமாரியைச் சுமந்துகொண்டு ஓடினோமா? இல்லை. அலுமாரிக்குள் இருந்த காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றையே எடுத்துக்கொண்டு ஓடினோம். உடனே எடுக்கக்கூடியதாக இருக்கவேண்டியது அந்தப் பத்திரப் பை, அலுமாரி அல்ல. மேலும், திருகாணியால் இறுக்கிய அலுமாரியை ஐந்து நிமிடத்தில் கழற்றிவிடலாம். சுவரில் மிஞ்சுவது சுண்டுவிரல் நுனி அளவான இரண்டு துளைகள் மட்டுமே. ஆகவே இறுக்குவதால் எவரும் கட்டுண்டு போவதில்லை.

இரண்டாவது காரணம், "சுவர் பழுதாகிவிடும்" என்பது. வடக்கிலும் கிழக்கிலும் இந்திய அரசின் உதவியுடனான வீடமைப்புத் திட்டத்தின் பெரும் பகுதி 2012 ஒக்டோபர் 2 ஆம் திகதி தொடங்கியபோது, ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. பலர் அதற்கு மேலாக நகையை அடகு வைத்தும் கடன்பட்டும் வீட்டை முடித்தார்கள். அப்படிக் கட்டிய சுவரில் ஒரு கீறல் விழுந்தாலும் மனம் நோகும். ஆனால் சுவரைப் பழுதாக்குவது கொங்கிறீற் ஆணியும் சுத்தியலுமே. முறையாகப் போட்ட துளை சுவருக்கு ஊறு செய்யாது.

மூன்றாவது காரணம், "இவ்வளவு பாரமான அலுமாரி எப்படி விழும்?" என்பது. இதற்குச் சற்று விளக்கம் தேவை.

பாரமான பொருள் ஏன் விழுகிறது?

ஆறடி உயரமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள ஓர் அலுமாரியை எடுத்துக்கொள்வோம். அதன் பாரம் சரி நடுவில் நிற்பதாகக் கொண்டால், முன்காலிலிருந்து 9 அங்குலம் பின்னால் நிற்கிறது. அந்த 9 அங்குலமே அலுமாரியின் பாதுகாப்பு. எமது வீடுகளின் நிலம் எப்போதும் மட்டமாக இருப்பதில்லை. முன்பக்கம் ஒரு அங்குலம் தாழ்ந்திருந்தால், 3 அடி உயரத்தில் உள்ள பாரத்தின் மையம் 2 அங்குலம் முன்னே வந்துவிடும். பாதுகாப்பு 7 அங்குலமாகக் குறைந்துவிடும். துணிகள் நிறைந்த லாச்சிகளை இழுத்துத் திறந்தால் இன்னும் குறையும். அலுமாரியின் மேலே பழைய தொலைக்காட்சிப் பெட்டியோ நிறைந்த சூட்கேசோ இருந்தால், ஒரு சிறு சாய்வும் பெரிதாகிவிடும்.

இனி ஒரு பிள்ளை திறந்த லாச்சியின் விளிம்பில் ஏறுகிறான். அவன் நிற்கும் இடம் முன்காலுக்கும் வெளியே. துலா மிதித்து இறைத்த எமது முன்னோருக்கு இது தெரிந்த விடயம். அச்சிலிருந்து தள்ளிப் போகப் போக ஒருவரது பாரம் துலாவை எளிதில் சாய்த்துவிடும். இங்கே அலுமாரியின் முன்கால்தான் அச்சு. பிள்ளை நிற்பது துலாவின் நுனியில்.

இதிலேயே பரிகாரமும் இருக்கிறது. அலுமாரி சாயத் தொடங்கும் வேளையில் அதன் உச்சியைப் பிடித்தால், வளர்ந்த ஒருவரின் ஒரு கையே அதைத் தடுத்துவிடும். ஏனெனில் உச்சி அச்சிலிருந்து ஆறடி தூரத்தில் இருக்கிறது. ஆனால் விழத் தொடங்கிய அலுமாரியை நான்கு பேராலும் நிறுத்த முடியாது. ஆகவே எமக்குத் தேவை பெரிய இரும்புச் சட்டங்கள் அல்ல. உச்சியில், இரு பக்கத்திலும், இரண்டு சிறிய பிடிகள் போதும். ஆனால் அந்தப் பிடிகள் உண்மையாகவே சுவரைப் பிடித்திருக்க வேண்டும்.

இது எமது நாட்டின் ஏழைகளுக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. லாச்சிப் பெட்டகங்கள் சரிந்து குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து, அமெரிக்காவில் 2016 யூனில் ஒரு பெரிய தளபாட நிறுவனம் தான் விற்ற 2 கோடி 90 இலட்சம் பெட்டகங்களை மீளப்பெற முன்வந்தது. 2022 டிசம்பரில் அந்நாட்டில் இதற்கென ஒரு சட்டமும் நிறைவேறியது. ஓடாவியாரிடம் செய்விக்கும் எமது அலுமாரிகளை அப்படிச் சோதிக்க யாருமில்லை. எம் பிள்ளைகளுக்கு நாமே பொறுப்பு.

முதலில் உங்கள் சுவரை அறியுங்கள்

எல்லாச் சுவரும் ஒன்றல்ல. துளைபோடுவதற்கு முன்னர் உங்கள் சுவர் எத்தகையது என்று பாருங்கள்.

சீமெந்துக் கல் சுவர்: மீள்குடியேற்றக் கிராமங்களில் பெரும்பாலும் இதுவே. நல்ல கலவையில் அரிந்து, ஒரு கிழமையாவது நீர் ஊற்றி ஆறவிட்ட கல் உறுதியாகப் பிடிக்கும். அவசரத்தில், சீமெந்தைக் குறைத்து அரிந்த கல், ஆணியால் கீறினாலே மணலாக உதிரும். பூச்சு இல்லாத ஓர் இடத்தில் கீறிப் பாருங்கள். கோடு மட்டும் விழுந்தால் நல்ல கல். கொட்டிக்கொண்டே வந்தால் நலிந்த கல். அதற்கு வேறு முறை உண்டு. உள்ளே வெற்றிடம் உள்ள கல்லானால், துளைபோடும்போது பிற் திடீரென்று உள்ளே விழும்.

செங்கல் சுவர்: நன்றாகச் சுட்ட செங்கல் நன்கு பிடிக்கும். துளையிலிருந்து சிவந்த தூள் வந்தால் நீங்கள் கல்லில் இருக்கிறீர்கள். சாம்பல் நிறத் தூளே தொடர்ந்து வந்தால், இரு கற்களுக்கு இடையில் உள்ள சாந்தில் இருக்கிறீர்கள். சற்றுத் தள்ளிப் போடுங்கள்.

பழைய சுண்ணாம்புக் கல் வீடு: யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் கல் மிக உறுதி, ஆனால் இடையிலுள்ள சுண்ணாம்புச் சாந்து காலப்போக்கில் தளர்ந்திருக்கும். கல்லைத் தேடிப் பிடியுங்கள்.

மண்சுவர்: இதில் திருகாணி நிற்காது. வீட்டின் மரத்தூணில் மட்டுமே கட்டலாம்.

றோல் பிளக் என்னும் சிறு பொருள்

கல்லுக்குள் திருகாணி நேரடியாகப் பிடிக்காது. மரம் திருகாணிக்கு இடங்கொடுத்து இறுக்கும். கல் இடங்கொடுக்காது, உடையும் அல்லது உதிரும். முன்னைய காலத்தில் மேசன்மார் சுவரில் பெரிய குழி வெட்டி, மரஆப்பை அடித்து, அதில் ஆணி அறைவார்கள். மரம் காய்ந்து சுருங்கினால் ஆப்புத் தளரும். கறையான் தின்றால் ஒன்றும் மிஞ்சாது.

இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் சுவர்களைச் சேதப்படுத்தாமல் மின்சாதனங்களைப் பொருத்தவேண்டிய தேவை எழுந்தபோது, ஜோன் றோலிங்ஸ் என்ற ஒப்பந்தகாரர் 1911 ஆம் ஆண்டளவில் சணல் நாரினால் ஒரு சிறு குழாயைச் செய்தார். துளைக்குள் குழாய், குழாய்க்குள் திருகாணி. அவரது பெயரிலிருந்தே றோல் பிளக் என்ற சொல் வந்தது. 1958 இல் ஜேர்மனியில் ஆர்தர் பிஷர் என்பவர் அதை நைலோனில் செய்தார். இன்று ஹாட்வெயார் கடைகளில் நாம் வாங்கும் பிளாஸ்ரிக் பிளக்குகள் அந்த வழியில் வந்தவையே.

அது வேலை செய்யும் முறை எளிது. திருகாணி உள்ளே போகப் போக, பிளக் பக்கங்களுக்கு விரிந்து துளையின் சுவரை நெருக்குகிறது. அந்த நெருக்கமே பிடி. இதிலிருந்து மூன்று பாடங்கள். துளை பெரிதானால் நெருக்கம் இல்லை. துளைக்குள் தூள் இருந்தால் நெருக்கம் இல்லை. பிளக் பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டால், அது நெருக்குவது பூச்சைத்தான்; பூச்சு பெயர்ந்துவிடும். அந்த வீட்டின் ஆணிக்கு நேர்ந்ததே அந்தப் பிளக்குக்கும் நேரும்.

செய்யும் முறை

தேவையானவை: கோணமாக வளைத்த இரும்புத் தகடு (எல் வடிவம்) 2, கல்லுக்குரிய 8 மில்லிமீற்றர் பிற்றுடன் ஒரு ட்றில் மெசின், 8 மில்லிமீற்றர் தடிப்பும் 40 மில்லிமீற்றர் நீளமும் உள்ள பிளக், 5 மில்லிமீற்றர் தடிப்பும் 70 மில்லிமீற்றர் (2¾ அங்குலம்) நீளமும் உள்ள திருகாணி, மரத்துக்கான சிறிய திருகாணிகள், வாசர், திருகாணிச் சாவி, ரசமட்டம்.

1. அலுமாரியை வெறுமையாக்குங்கள். செங்கல்லை எடுத்துவிட்டு நிலத்தில் மட்டமாக நிறுத்துங்கள். முன்கால்களுக்குக் கீழே மெல்லிய பலகைத் துண்டு வைத்து, அலுமாரி மிகச் சிறிதளவு பின்னோக்கிச் சாயும்படி செய்யுங்கள். ஆட்டம் இருக்கக்கூடாது.

2. அலுமாரியில் பிடிக்கும் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். உச்சியில், இரு ஓரங்களுக்கும் அருகில், பருமனான மரச்சட்டத்தில் தகட்டின் ஒரு காலை வையுங்கள். பின்புறத்து மெல்லிய பலகையில் ஒருபோதும் வைக்கவேண்டாம். அது சட்டத்திலிருந்து கழன்றுவிடும். இரும்பு அலுமாரியானால், மேல் விளிம்பில் துளையிட்டு, உட்பக்கம் அகன்ற வாசர் வைத்துப் போல்ற் போட்டு இறுக்குங்கள்.

3. சுவரில் இடத்தை அடையாளமிடுங்கள். கதவு, யன்னல், சுவர் முடியும் மூலை ஆகியவற்றிலிருந்து 4 அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும். மின் சுவிச்சுக்கும் பிளக் பொயின்ருக்கும் நேர் மேலேயோ நேர் கீழேயோ துளைபோட வேண்டாம். சுவருக்குள் வயர் பெரும்பாலும் அந்த நேர்கோட்டிலேயே ஓடும்.

4. அலுமாரியைத் தள்ளிவைத்துவிட்டுத் துளைபோடுங்கள். பிற்றின் நுனியிலிருந்து 3 அங்குலத்தில் ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டால் ஆழம் தவறாது. நல்ல சீமெந்துக் கல்லுக்கு மெசினின் அடிக்கும் விசையைப் பயன்படுத்தலாம். நலிந்த கல்லுக்கும் செங்கல்லுக்கும் அடிக்கும் விசையை நிறுத்திவிட்டு, சுழற்சியில் மட்டும் மெதுவாகப் போடுங்கள். இல்லாவிடில் துளை அகன்றுவிடும். கண்ணாடி அணியுங்கள். பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள்.

5. தூளை வெளியேற்றுங்கள். சைக்கிள் பம்மின் குழாயைத் துளைக்குள் வைத்து நான்கைந்து முறை அடியுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

6. பிளக்கைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி இறக்குங்கள். அதன் வாய் சுவரின் மேற்பரப்போடு நின்றால் போதாது. ஒரு ஆணியை வைத்துத் தட்டி, பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் முழுவதும் இறக்குங்கள். எமது வீடுகளில் பூச்சு அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை இருக்கும். இதற்காகவே 70 மில்லிமீற்றர் திருகாணி. கடையில் பிளக்கோடு தரும் குறுகிய திருகாணி இவ்வேலைக்குப் போதாது.

7. அலுமாரியை இடத்துக்குக் கொண்டுவந்து, தகட்டைச் சுவரோடு இறுக்குங்கள். கையால் இறுக்குவது நல்லது. இறுக்கம் கூடிக்கொண்டு போகவேண்டும். முடிவில்லாமல் சுழன்றால் பிளக் பிடிக்கவில்லை என்பது பொருள்.

8. சோதியுங்கள். இருவர் பக்கங்களில் நின்று காவல் இருக்க, ஒருவர் உச்சியைப் பிடித்து மெதுவாக முன்னே இழுக்கட்டும். விசையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தகடும் சுவரும் அசையக்கூடாது.

பிழைத்த துளையைச் சும்மா விடவேண்டாம். ஒரு பங்கு சீமெந்தும் மூன்று பங்கு மணலும் கலந்த சாந்தால் அடைத்துவிட்டு, ஒரு சாண் தள்ளி வேறு துளை போடுங்கள்.

நலிந்த சுவருக்கும் மெசின் இல்லாத வீட்டுக்கும்

கல் உதிர்கிறதா? ட்றில் மெசின் கிடைக்கவில்லையா? மனம் தளரவேண்டாம். கதவு நிலையைச் சுவரோடு பிடிப்பதற்கு மேசன்மார் வைக்கும் இரும்புப் பட்டியை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதே முறையை இங்கும் கையாளலாம்.

உளியால் சுவரில் 3 அங்குல ஆழமான குழியொன்று வெட்டுங்கள். வாய் ஒடுக்கமாகவும் உள்ளே அகலமாகவும் இருக்கட்டும். குழியை நன்றாகக் கழுவி ஈரமாக்குங்கள். நுனியை இரண்டாகப் பிளந்து விரித்த இரும்புப் பட்டியை உள்ளே வைத்து, மேலே சொன்ன சாந்தால் இறுக நிரப்புங்கள். ஏழு நாட்கள் ஈரச்சாக்கால் மூடி நீர் தெளியுங்கள். அதற்கு முன் அதில் எதையும் கட்டவேண்டாம். சாந்து இறுகியதும் பட்டியின் வெளி நுனியை அலுமாரியின் சட்டத்தோடு திருகாணியால் இறுக்குங்கள். உள்ளே அகன்ற குழியும் விரிந்த நுனியும் இருப்பதால், ஒடுங்கிய வாயின் ஊடாக அது வெளியே வராது.

மிக நலிந்த கல்லுக்கும் உள்ளே வெற்றிடமுள்ள கல்லுக்கும் இன்னொரு வழி, சுவரை ஊடுருவிப் போகும் நீண்ட போல்ற். வெளிப்புறத்தில் 3 அங்குலச் சதுரமான இரும்புத் தகட்டை வைத்து நட்டை இறுக்கினால், பாரம் ஒரு துளையில் தங்காமல் சுவரின் பரந்த பகுதியில் பரவும். வெளித்தகட்டுக்குத் துருத் தடுக்கும் பெயின்ற் பூசுங்கள். போல்றைச் சுற்றிச் சாந்து வைத்து மழைநீர் போகாமல் அடையுங்கள்.

கொட்டிலிலும் வாடகை வீட்டிலும்

இன்னும் சொந்த நிலத்துக்குத் திரும்பாமல், உறவினரின் காணியிலும் வாடகை வீட்டிலும் தகரக் கொட்டிலிலும் வாழும் குடும்பங்கள் உண்டு. "எங்களுக்குச் சுவரே இல்லை" என்று நீங்கள் சொல்லக்கூடும்.

கொட்டிலில், நிலத்தில் ஆழ நாட்டிய கப்போடு அலுமாரியின் உச்சியைக் கட்டுங்கள். கூரைச் சலாகையிலோ தகரத்திலோ கட்டவேண்டாம். காற்றடித்தால் கூரையே அலுமாரியை இழுத்து விழுத்தும். நைலோன் கயிறு வெயிலிலும் தேய்விலும் நலியும். ஆகவே ஒவ்வொரு மாரிக்கு முன்னும் மாற்றுங்கள்.

வாடகை வீட்டில் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத் துளைபோடுங்கள். போகும்போது அடைத்துத் தருவதாகச் சொன்னால் பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள். மறுத்தால், பாரமானவற்றை அடித்தட்டில் வையுங்கள். அலுமாரியின் மேல் எதையும் வைக்கவேண்டாம். முக்கியமாக, பிள்ளை ஆசைப்படும் இனிப்பையும் விளையாட்டுப் பொருளையும் உயரத்தில் ஒளிக்கவேண்டாம். ஒளிப்பதே ஏறுவதற்கு அழைப்பாகிவிடும். லாச்சிகளைப் பூட்டி வையுங்கள். தொலைக்காட்சியைத் தாழ்ந்த மேசையில், சுவரோடு அண்டி வையுங்கள்.

கறையானும் வெள்ளமும்

"சுவரோடு ஒட்டினால் கறையான் ஏறிவிடும்" என்று பலர் சொல்கிறார்கள். இது நியாயமான பயம். அலுமாரி சுவரைத் தொடவேண்டியதில்லை. ஒரு அங்குல இடைவெளி விட்டே இறுக்கலாம். இரும்புத் தகடு மட்டுமே சுவரைத் தொடும். தகட்டின் காலை அதற்கேற்ற நீளத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை பின்புறத்தையும் தகட்டையும் பார்த்து, மண்கோடு தெரிந்தால் துடைத்துவிடுங்கள்.

வெள்ளம் வரும் இடமானால், தனித்தனிச் செங்கல்லின் மேல் கால்களை வைக்கவேண்டாம். அலுமாரியின் முழு அகலத்துக்கும் ஆழத்துக்கும் ஒரு திண்ணையைச் சீமெந்தால் கட்டுங்கள். அரை அடி உயரம் பெரும்பாலும் போதும். அதன் மேல் நிறுத்தியபின் சுவரோடு இறுக்குங்கள். உயர்த்திய அலுமாரிக்கு இறுக்கம் இன்னும் கட்டாயமானது.

தனியே செய்யவேண்டாம்

ஒவ்வொரு குடும்பமும் ட்றில் மெசின் வாங்கவேண்டியதில்லை. கிராமத்துக்கு ஒன்று போதும். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ ஒன்றை வாங்கி, சிறு கட்டணத்துக்குக் கொடுத்து வாங்கலாம். மின்சாரம் இல்லாத வீட்டுக்கு, பற்றரியில் இயங்கும் மெசின் உதவும். பிளக், திருகாணி, தகடு ஆகியவற்றை மொத்தமாக வாங்கினால் செலவு குறையும்.

பெண்கள் தலைமைதாங்கும் குடும்பங்களும் முதியோர் தனித்து வாழும் வீடுகளும் எம்மிடையே பல. ஆள் பிடித்து வேலை செய்விக்க அவர்களால் இயலாது. உங்கள் அன்பியக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். இளைஞர் மன்றத்தினர் ஒரு சனிக்கிழமை சிரமதானமாக வீடுவீடாகச் சென்றால், ஒரு கிராமத்தின் பெரும் பகுதியை முடித்துவிடலாம். சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளை முதலில் பாருங்கள். பெண்களும் இவ்வேலையைக் கற்றுக்கொள்ளட்டும். இதற்கு வேண்டியது உடற்பலம் அல்ல, பொறுமை.

வருடத்தில் இருமுறை, மாரிக்கு முன்னும் அறுவடை முடிந்த பின்னும், திருகாணிகளைப் பாருங்கள். தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். துருப்பிடித்திருந்தால் மாற்றுங்கள்.

பாறைமேல் வீடு கட்டியவனின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அத்திவாரத்தைப் பற்றியே அதில் நினைத்திருக்கிறோம். அந்த அறையில் பெயர்ந்து கிடந்த பூச்சுத் துண்டைக் கையில் எடுத்தபோது, வீட்டுக்குள் இருக்கும் பொருட்களுக்கும் அது பொருந்தும் என்று எனக்குப் பட்டது. மேலோட்டமாகப் பிடித்திருப்பது சோதனை வரும் வரைக்கும் பிடித்திருப்பதுபோலவே தோன்றும்.

இரண்டு கிழமைகளுக்குப் பின்னர் பங்கைச் சேர்ந்த மேசன் ஒருவரை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். சீமெந்துத் திண்ணை கட்டி, முறைப்படி துளைபோட்டு, அலுமாரியை இறுக்கினோம். கைக்கு மாப்போட்ட பிள்ளை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்ததும் அம்மம்மா அலுமாரியின் உச்சியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"இதை நான் தனியக் கழட்டலாமோ, தம்பி?" என்று மேசனிடம் கேட்டார். அவர் திருகாணிச் சாவியைக் கொடுத்து, எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று காட்டினார். அம்மம்மா ஒரு கதிரையில் ஏறி, ஒரு திருகாணியைச் சற்றுத் தளர்த்தி, மீண்டும் தானே இறுக்கினார். பிறகு அலுமாரியைத் திறந்து பத்திரப் பையை எடுத்தார். காணி உறுதிக்குப் பக்கத்தில் அந்தத் திருகாணிச் சாவியையும் வைத்துப் பையை மூடினார்.

இந்த மாரி தொடங்க முன்னர் உங்கள் வீட்டு அலுமாரியின் பின்னால் ஒரு விளக்கைப் பிடித்துப் பாருங்கள். அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.